மே 1 லீவு யாருக்கு?



பண்டிகை நாள்னா என்ன செய்யணும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசல் தெளிச்சு, விளக்கேத்தி, கோயிலுக்குப் போய்ட்டு வருவோம். ஆனால் காலண்டரில் அதே சிவப்பு எழுத்தில் இருக்கும் ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 எல்லாம் எப்படிப் போகுது? நல்லா தூங்குவோம், டிவியில் படம் பார்ப்போம். சாமி பெயரில் வராத விடுமுறை என்றால் நமக்கு அதில் எந்தக் கடமையும் இல்லையா? மே 1-ஐ மட்டும் எடுத்துக்கறேன்.

1886 மே 1 அன்று அமெரிக்காவின் பல ஊர்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தினமும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவர்கள் எட்டு மணி நேரம் போதும் என்று கேட்டார்கள். மே 4 அன்று சிகாகோ ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தில் போலீஸ் மேல் குண்டு விழுந்தது. வீசியவர் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனாலும் 1887 நவம்பரில் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். இந்தியாவில் முதல் மே தினம் நம்ம சென்னையில்தான். 1923-ல் சிங்காரவேலர் கடற்கரையில் கூட்டம் போட்டுக் கொண்டாடினார்.

வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவில் மே 1 லீவு கிடையாது. அவங்க தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கள். அதனால் எங்க டீமில் வருஷா வருஷம் ஒருத்தர் மே தினத்தன்று சப்போர்ட்டில் உட்காரணும். அது பரவாயில்லை, மாற்று விடுமுறை கிடைச்சிடும். தமிழ்நாட்டில் 1958-ம் வருஷச் சட்டமும் அதைத்தான் சொல்லுது: விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லேன்னா மாற்று விடுமுறை.

யோசிச்சுப் பாருங்க, அந்த மனிதர்கள் லீவு கேட்கவே இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எல்லை கேட்டார்கள். நாம் லீவை வாங்கிக்கிட்டு எல்லையை விட்டுட்டோம். 2023 ஏப்ரலில் நம்ம சட்டசபையிலேயே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே 1 அன்றுதான் வாபஸ் அறிவிப்பு வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கணக்கு முடியலை.

எங்க அபார்ட்மெண்டில் இரண்டு செக்யூரிட்டி, ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். மே தினமும் அவங்களுக்கு டியூட்டிதான். மருத்துவமனை, பஸ், மின்வாரியம் மாதிரி சில வேலைகள் நிற்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் எதுக்கு? அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "அவரே கேட்கலையே, உங்களுக்கு என்ன?" என்றார் ஒருத்தர். நியாயமான கேள்விதான். நேரா அவர்கிட்டயே போய்க் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. எட்டு மணி நேரம்னா சம்பளத்தையும் குறைச்சிடுவாங்க. பொண்ணு காலேஜ் ஃபீஸ் இருக்கு" என்றார்.

அவர் சம்மதிச்சுட்டாருன்னு இதை எடுத்துக்க எனக்கு மனசு வரலை. வேற வழி இல்லாதவர் சொல்ற சரி அது. 1886-ல் சிகாகோக்காரர்கள் எட்டு மணி நேரத்தை மட்டும் கேட்கலை, கூலி குறையக் கூடாதுன்னும் கேட்டாங்க. அந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்கு அர்த்தமே இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது அவர் பேச்சில்தான்.

கணக்குப் போட்டேன். ஒருத்தர் சம்பளம் 16,000. அதே சம்பளத்தில் மூன்றாவது ஆள் போட்டு மூன்று ஷிஃப்ட் ஆக்கினால், 40 வீட்டுக்கும் பிரிச்சு, வீட்டுக்கு மாசம் 400 ரூபாய் கூடும். அடுத்த கூட்டம் வர்ற ஞாயிறு. இந்தத் தாளை எடுத்துக்கிட்டுப் போறேன்.