துல்லியமும் வாய்மையும்: இசுரேலிய டாங்கி மாதிரிகளை முன்வைத்து

முன்னுரை

ஒரு பொருளை உள்ளவாறே படியெடுப்பது உண்மைக்குச் செய்யும் கடமையா என்பது மெய்யியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். போலச்செய்தல் உண்மையிலிருந்து விலகி நிற்பது எனப் பிளேட்டோ ஐயுற்றார். நேரில் காணத் துன்பம் தரும் பொருளும் துல்லியமாகப் படியெடுக்கப்படும்போது இன்பம் தரும் என்றும், 'இது இன்னது' என அறிந்துகொள்வதால் அவ்வின்பம் விளைகிறது என்றும் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் விளக்கினார். இவ்விரு நிலைப்பாடுகளும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாகும் களம் ஒன்று உண்டு. போர் ஊர்திகளைச் சிறிய அளவில் செய்யும் மாதிரிக்கலையே அது. இசுரேலிய டாங்கிகளைப் பிரிவுக் குறிகளுடன் பிழையறச் செய்வோர் நாடும் துல்லியம் எத்தகைய உண்மை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிகளின் இலக்கணம்

இக்கலையில் பெருவழக்காக உள்ளது 1:35 என்னும் அளவு. குழலுடன் சேர்த்து ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள மெர்க்காவா 4 டாங்கி இவ்வளவில் ஏறத்தாழ 26 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஜப்பானிய நிறுவனமான டாமியா 1960களில் வெளியிட்ட ஜெர்மன் டாங்கி மாதிரிக்குள் மின்கலமும் மோட்டாரும் அடங்க வேண்டியிருந்ததால் அமைந்த அளவு இது. துல்லியத்தையே உயிராகக் கருதும் ஒரு கலையின் அடிப்படை அளவு தற்செயலாக அமைந்தது என்பது எண்ணத்தக்கது.

இசுரேலிய டாங்கிகளின் குறிகள் ஓர் இலக்கணத்துக்கு உட்பட்டவை. குழலைச் சுற்றியுள்ள வெள்ளை வளையங்களின் எண்ணிக்கை பட்டாலியனைக் குறிக்கும். பக்கவாட்டில் தீட்டப்படும் அம்புமுனை வடிவக் குறி எத்திசை நோக்கியுள்ளதோ அதற்கேற்பக் கம்பெனி அறியப்படும். சுழல்மேடையில் காணப்படும் எண் பிளாட்டூனையும், அதனுடன் வரும் ஆலெஃப், பெத், கிமெல் முதலிய எபிரேய எழுத்து அப்பிளாட்டூனின் தனி டாங்கியையும் சுட்டுவது பொதுவழக்கு. இவை மூன்றும் சேர்ந்த நிலையில் டாங்கி என்னும் பொதுப்பெயர் சிறப்புப்பெயராகிவிடுகிறது. தலைவர், சுடுநர், குண்டேற்றுநர், ஓட்டுநர் ஆகிய நால்வர் அமர்ந்திருந்த குறிப்பிட்ட ஒரு வண்டி அது.

மாதிரி செய்வோர் சுழல்மேடையின் பின்புறம் தொங்கும் சங்கிலிகளின் உருண்டைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பொருத்துகின்றனர். இவ்வுழைப்பை வீண் எனத் தள்ளுவதற்கில்லை. லாட்ரூனிலுள்ள கவசப்படை நினைவிடத்தில் மாண்ட வீரர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களின் உறவினருக்கும் உடனிருந்தோருக்கும் பிரிவுக்குறி என்பது இறந்தவரின் முகவரி. அதைப் பிழையாகத் தீட்டுவது பெயரைப் பிழையாக எழுதுவதற்கு ஒப்பாகும்.

குறி சுட்டும் நாள்

ஆயினும் குறி சொல்வது முழு உண்மையன்று. 1973 அக்டோபரில் கோலான் குன்றுகளைச் சிரியப் படைகள் தாக்கியபோது, இசுரேலியச் சேமப்படையினர் தம் பிரிவுகள் முழுமையாகச் சேரும்வரை காத்திராமல், கிடைத்த டாங்கிகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். வண்டியின் குறியும் உள்ளிருந்த குழுவின் பிரிவும் எப்போதும் ஒத்திருந்தன என இதனால் கொள்ள இயலாது. 'கண்ணீர்ப் பள்ளத்தாக்கு' எனப் பின்னர் பெயர் பெற்ற களத்தில் நூற்றுக்கணக்கான சிரியக் கவச ஊர்திகள் அழிந்தன. அவற்றின் உள்ளும் மனிதர் இருந்தனர்.

'எமது நாட்டம் இயந்திரத்தில் மட்டுமே. அரசியலில் அன்று' என்பது மாதிரி செய்வோர் தரப்பில் கூறத்தக்க மறுப்பு. இது பாதியளவே பொருந்தும். இயந்திரத்தின் வடிவமே நோக்கமாயின் குறிகள் தேவையில்லை. குறியைத் தீட்டிய கணமே வடிவத்தை விட்டு வரலாற்றுக்குள் காலடி வைத்தாயிற்று. குறி வெறும் அலங்காரமன்று என்பதைச் சட்டமும் அறியும். நாஜிச் சின்னங்களைத் தடைசெய்யும் ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் காரணமாக, அந்நாட்டில் விற்கப்படும் மாதிரிப் பெட்டிகளில் சுவஸ்திகச் சின்னம் பொதுவாக நீக்கப்படுகிறது.

1979இல் படையிற் சேர்ந்த மெர்க்காவா, 1982இல் லெபனானில் முதற்போரைக் கண்டது. 'பெய்ரூட், 1982 செப்டம்பர்' எனப் பெயரிட்டு ஒருவர் அதன் மாதிரியைச் செய்வதாகக் கொள்வோம். அம்மாதம் 16 முதல் 18 வரை, இசுரேலியப் படை சூழ்ந்து நின்ற சப்ரா, சத்தீலா பகுதிகளில் லெபனானின் பலாஞ்சிசுட்டுப் படையினர் பாலத்தீன அகதிகள் உள்ளிட்ட குடிமக்களைக் கொன்று குவித்தனர். இசுரேலுக்கு இதில் மறைமுகப் பொறுப்பு உண்டு என அந்நாட்டின் ககான் ஆணையமே 1983இல் முடிவு கூறியது. வண்டியின் தூசி நிறத்தைச் சரியாகப் பிடித்து, அந்நகரில் அந்நாட்களில் நிகழ்ந்ததை அறியாதிருப்பவரின் துல்லியம் எதனைப் பற்றியது?

மெர்க்காவா 4 பற்றியும் இவ்வினா எழுகிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாசு நடத்திய தாக்குதலில் காசா எல்லையில் நின்ற டாங்கிகளின் குழுவினருட் சிலர் கொல்லப்பட்டனர், சிலர் சிறைபிடிக்கப்பட்டனர். அதன்பின் காசாவுக்குள் டாங்கிகள் நுழைந்த போரில் பல்லாயிரம் பாலத்தீனர் மாண்டனர். அவ்வண்டிக்கு ஒரு தேதியைத் தேர்வது இனி நிறத்தைத் தேர்வது போன்ற செயலன்று.

குறியின் நோக்கு

பிரிவுக்குறி தன் படையினர் தம் தோழரை இனங்காண்பதற்காகத் தீட்டப்படுவது. குழலுக்கு எதிரே நிற்பவருக்கு அது எதையும் கூறுவதில்லை; அவருக்கு எந்தக் கம்பெனி என்பது பொருட்டும் அன்று. எனவே குறியின் உண்மை ஒருபக்கப் பார்வையின் உண்மை. 1982 போரில் டாங்கிச் சுடுநராக இருந்த சாமுவேல் மாவோசு இயக்கிய 'லெபனான்' (2009) திரைப்படம், இப்பார்வையின் எல்லையைத் தன் வடிவமாகவே கொண்டுள்ளது. அதில் வெளியுலகம் பெரும்பாலும் குறிநோக்கியின் வட்டத்திற்குள் மட்டுமே தெரிகிறது. எதிரே நிற்போரின் முகங்கள் அதில் தெரியும்போது, பார்ப்பவருக்கு அவர்களைக் காணாதிருக்க வழியில்லை. மேசைமேல் நிற்கும் மாதிரியில் அத்தகைய வட்டம் இல்லை. அது எல்லாப் பக்கத்திலிருந்தும் காணத்தக்கது. எதிர்ப்பக்கம் மட்டும் வெறுமையாக உள்ளது.

முடிவுரை

உண்மை, வாய்மை, மெய்ம்மை எனத் தமிழ் ஒரு பொருளை மூன்று சொற்களால் வழங்குகிறது. உள்ளம், வாய், மெய் ஆகியவற்றோடு அவற்றை முறையே இணைத்துக் காண்பது மரபு. குறியைப் பிழையின்றித் தீட்டுவது மெய்யின் உண்மை. அக்குறி எந்நாளுக்குரியது, அந்நாளில் இருபக்கமும் யாவர் இருந்தனர் என்பதை அறிந்திருப்பது உள்ளத்தின் உண்மை. கேட்போருக்கு அதை மறையாது கூறுவது வாய்மை. திருக்குறள் வாய்மையைத் தீங்கின்மையோடு சேர்த்து வரையறுப்பதும் இங்குக் கருதத்தக்கது.

இதனால் மாதிரிக்கலை கைவிடத்தக்கது என்பது பெறப்படாது. பிணங்களையும் சிறிதாகச் செய்து அருகில் வைக்க வேண்டும் என்பதும் பெறப்படாது. அது துயரையும் அலங்காரமாக்கிவிடும். மாறாக, துல்லியம் அறப்பொறுப்பிலிருந்து விடுதலை அளிப்பதில்லை, அதற்குள் கொண்டுசெலுத்துகிறது என்பதே பெறப்படும். 'ஏதோ ஒரு டாங்கி' செய்பவரை எவரும் எதுவும் வினவ இயலாது. 'இன்ன பட்டாலியன், இன்ன கம்பெனி, இன்ன நாள்' எனச் செய்தவரோ, அந்நாள் பற்றிய வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் ஆகிறார்.