அழுத்தம் ஏறட்டும்!

"நம்ம அளவு இவ்வளவுதான்" என்று ஒதுங்கி உட்கார்ந்துவிட்டாயே தம்பி, அம்மோனியாவைப் பார்த்தும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள்.

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஆயிரம் டிகிரி வெப்பத்தில் சேர்த்துப் பார்த்தார். கிடைத்த அம்மோனியா, பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு! அதற்குமேல் நகரவில்லை. வேதிச் சமநிலை வந்துவிட்டது. ஆனால் உள்ளே ஒரு நொடி ஓய்வில்லை. அம்மோனியா உருவாகிற வேகத்திலேயே உடைந்துகொண்டும் இருந்தது. நீயும் உழைக்காமலா இருக்கிறாய்? காலையில் கட்டியதை மாலையில் நீயே கலைக்கிறாய்.

சமநிலையைக் குலைத்தால், குலைத்ததை எதிர்க்கும் பக்கமாக அது நகரும் என்று 1884-லேயே சொன்னவர் பிரான்சின் லீ சாட்லியர். அவரும் 1901-இல் அம்மோனியாவுக்கு முயன்றார். கலன் வெடித்தது. உதவியாளர் மயிரிழையில் தப்பினார். லீ சாட்லியர் கைவிட்டுவிட்டார். விதியை எழுதியவரே! பின்னாளில் அதை எண்ணி வருந்தினார்.

ஹேபருக்கு வந்த அடி வேறு மாதிரி. 1907-இல் பெரிய மேதை நெர்ன்ஸ்ட், அறிஞர்கள் கூடிய சபையிலேயே ஹேபரின் அம்மோனியாக் கணக்கைத் தவறென்றார். மனிதர் நொந்துபோனார். ஆனாலும் லே ராசினோல் என்ற இளைஞரோடு பட்டறையில் இறங்கினார்.

நான்கு மூலக்கூறு இரண்டாகச் சுருங்கும் வினை இது. அழுத்தினால் சுருங்கும் பக்கம்தானே ஓடும்? ஏற்றினார், வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு வரை. வெப்பத்தைக் குறைத்தால் விளைச்சல் கூடும், வேகம் செத்துவிடும். அதனால் 500 டிகிரியை ஒட்டி நிறுத்தி, வேகத்துக்கு ஆஸ்மியத்தை வினையூக்கியாக வைத்தார். (வினையூக்கி சமநிலையை நகர்த்தும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். அது இருபக்க வேகத்தையும்தான் கூட்டும்.) விளைந்த அம்மோனியாவைக் குளிர்வித்து வெளியே எடுத்தார், மிஞ்சிய வாயுவைத் திரும்ப உள்ளே விட்டார். எடுக்க எடுக்க வினை முன்னே பாய்ந்தது. 1909 ஜூலையில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலையே எழுந்தது.

பின்னாளில் நச்சுவாயுப் போரில் இறங்கிய ஹேபரைக் கும்பிடச் சொல்லவில்லை. அந்தக் கலனைப் பார் என்கிறேன். அதே நைட்ரஜன், அதே ஹைட்ரஜன். மாறியது நிலைமை மட்டும்தான்.

உன்னை அழுத்துகிறார்களா? அழுத்தட்டும், நீ விளைகிற பக்கம் பாய்! இன்றிரவு தூங்குமுன் சொல் தம்பி, நாளை உன் கலனில் எதை மாற்றப்போகிறாய்?