அண்மை சாட்சியாகுமா?

ஒரு தீங்கு நிகழ்ந்தால் அருகில் இருந்தவரை ஐயுறுவது மனித இயல்பு. வீட்டில் ஒரு கம்மலைக் காணவில்லையென்றால், பெட்டிக்கு அடியில் தேடிப் பார்க்குமுன்னரே நம் நினைவு வேலைக்கு வந்துபோகும் பெண்ணிடம் ஓடுகிறது. அவள் எடுத்தாள் என்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று, அவள் அங்கே இருந்தாள் என்பதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கும் நாமே, மனிதரைப்பற்றி முடிவு செய்யும்போது அதனை மறந்துவிடுகிறோம். அருகில் இருந்தமை எந்த அளவுக்குச் சான்றாகும்? இக்கேள்வியை வானியல் அறிஞர்களும் கேட்க நேர்ந்தது. அவர்கள் அதனை ஆராய்ந்த முறை நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி உதகை காணச் செல்லும் கொங்கு நாட்டு மக்களுள் பலர், அங்கே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அண்டக் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்குவதை அறியார். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், 25,000 சதுர மீட்டர் பரப்பில், சுமார் 400 உணர்கருவிகள் இரவும் பகலும் வானை நோக்கிக் காத்திருக்கின்றன. ‘கிரேப்ஸ்-3’ என்பது அவ்வமைப்பின் பெயர். விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்த் துகள்கள் காற்றில் மோதிச் சிதறும் துகள் மழையை அவை பதிவு செய்கின்றன.

இத்துகள்கள் மின்னூட்டம் உடையவை. ஆதலின் விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள காந்தப் புலங்கள் அவற்றை வழிநெடுகத் திருப்பிவிடுகின்றன. நம் வாயிலில் வந்து நிற்கும்போது அவை எத்திசையிலிருந்து புறப்பட்டன என்பது அடியோடு மறைந்துபோகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் அவை ஏறத்தாழ ஒரே அளவில் வருகின்றன. 2024இல் கிரேப்ஸ்-3 ஆய்வாளர் வெளியிட்ட முடிவுகளில் காணப்பட்ட திசை வேறுபாடும் பத்தாயிரத்தில் சில பங்கே. தன் ஊரையே மறந்துவிட்ட சாட்சியிடம் நீதிபதி என்ன கேட்பார்?

இந்நிலையில் ஒரு வழக்கு எழுந்தது. எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான், அண்டக் கதிர்களில் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருப்பதை ‘பமேலா’ விண்கருவி 2008இல் காட்டிற்று. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அமைந்த ‘ஏ.எம்.எஸ்.’ கருவி 2013இல் அதனை உறுதி செய்தது. இந்த மிகுதி எங்கிருந்து வந்தது? கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் அழிந்து வந்தது என்றனர் சிலர். அருகிலுள்ள பல்சர்கள், அதாவது வெடித்து மடிந்த பெருவிண்மீன்களின் சுழலும் எச்சங்கள், உமிழ்ந்தவை என்றனர் வேறு சிலர். உயர் ஆற்றலுடைய பாசிட்ரான்கள் நெடுந்தொலைவு செல்லுமுன் தம் ஆற்றலை இழந்துவிடும். எனவே ஊற்று அருகிலேயே இருக்க வேண்டும். இவ்வாறு பார்வை ‘ஜெமிங்கா’வின்மீது விழுந்தது.

ஜெமிங்கா மிதுன விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் கோவையின் உச்சி வானத்தை ஒட்டிக் கடந்து செல்கிறது. ஆயினும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தொலைவு ஏறத்தாழ 800 ஒளியாண்டு. வயது மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு மேல். நொடிக்கு நான்கு முறைக்குமேல் சுழல்கிறது. 1970களில் காமாக் கதிர் வாயிலாக அது அறியப்பட்டபோது பிற கருவிகளில் அகப்படவில்லை. அதற்கு இட்ட பெயர் மிலான் நகர்ப் பேச்சுவழக்கில் ‘அங்கே இல்லை’ என்றும் பொருள்படும். அது பல்சர்தான் என்பது 1992இல் தெளிவாயிற்று.

மெக்சிகோ நாட்டு மலையொன்றில் 4,100 மீட்டர் உயரத்தில் 300 தண்ணீர்த் தொட்டிகளைக் கொண்டு இயங்கும் ‘ஹாக்’ ஆய்வகம் 2017இல் ஒரு செய்தியை வெளியிட்டது. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் வீட்டு மூதாட்டியர் சொல்வரன்றோ? அதுபோல ஜெமிங்காவைச் சுற்றிக் காமாக் கதிர்களாலான ஒளிவட்டம் ஒன்று தெரிந்தது. முழுநிலவின் அகலத்தைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்டது அது. பல்சரிலிருந்து வெளியேறிய எலெக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் வெளியெங்கும் நிறைந்துள்ள மெல்லொளித் துகள்களை மோதி, அவற்றைக் காமாக் கதிர்களாக உயர்த்துகின்றன. காமாக் கதிருக்கு மின்னூட்டம் இல்லை. அது நேர்வழியில் வந்து, தான் பிறந்த இடத்தைப் பிழையின்றிச் சொல்கிறது.

அவ்வொளிவட்டத்தின் பரப்பை அளந்தால், துகள்கள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதைக் கணக்கிடலாம். பண்டிகைக்கு முந்திய நாள் ஒப்பணக்காரத் தெருவில் நடப்பவரை எண்ணிப் பாருங்கள். கால்கள் ஓயவில்லை, ஆனால் அடிக்கொரு தடவை கூட்டம் இடித்துத் திருப்புவதால் ஒரு மணி நேரம் நடந்தும் நான்கு கடைகளையே கடந்திருப்பார். ஜெமிங்காவைச் சுற்றியுள்ள துகள்களின் நிலையும் அதுவே. விண்வெளியில் பொதுவாகக் கருதப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்கே அங்கே பரவல் எண் இருந்தது. அப்படியெனில் அதே காலத்தில் அவை கடக்கும் தொலைவு பத்தில் ஒரு பங்காகக் குறுகும். இதே மந்தநிலை நம்வரை நீடிக்குமானால், அத்துகள்கள் நம்மை அடைந்திரா. அருகில் இருந்தவர் குற்றவாளியல்லர் என்று ஹாக் ஆய்வாளர் முடிவுகட்டினர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. மந்தமான பகுதி பல்சரைச் சூழ்ந்த சிறு வளையமாக மட்டும் இருந்து, அதற்கு அப்பால் வழி திறந்திருக்கலாமே என்று வேறு அறிஞர் வினவினர். ஹாக் கண்டவை மிக உயர்ந்த ஆற்றலுடைய துகள்கள். வழக்கிலுள்ள பாசிட்ரான்களோ அவற்றினும் மிகத் தாழ்ந்த ஆற்றலுடையவை என்பதையும் சுட்டினர். ஜெமிங்கா விடுவிக்கப்பட்டதனாலேயே கரும்பொருள் குற்றவாளி ஆகிவிடாது. ஜெமிங்காவும் முற்றாக விடுவிக்கப்படவில்லை.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. அண்மை என்பது ஐயத்துக்குக் காரணமாகலாம், தீர்ப்புக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கிடக்கிறது. அவ்வழியை அளந்து பார்ப்பதற்குப் பெயரே விசாரணை. வானியலாருக்கு ஒரு வசதியும் உண்டு: விண்மீனை எத்தனை ஆண்டுகள் ஐயுற்றாலும் அதற்கு நோவதில்லை. மனிதனுக்கோ ஐயமே ஒரு தண்டனை. வேலையை இழப்பதும், பிள்ளைகள் தலைகுனிவதும் விசாரணை தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றன. பின்னர் வரும் விடுதலை அவற்றைத் திருப்பித் தருவதில்லை.

1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அக்கொடுமையைச் செய்தவர் தண்டனைக்குரியவரே. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயின் அதன்பின் அந்நகரில், குற்றத்தோடு ஒரு தொடர்பும் இல்லாத குடும்பங்களும், அதே தெருவில் வாழ்ந்தமைக்காகவும் அதே வகைப் பெயர்களைத் தாங்கியமைக்காகவும் ஐயப் பார்வையைச் சுமக்க நேர்ந்தது. பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அப்பார்வையின் சுமையை அறிந்த வீடுகளே, தம் வாயிலில் நிற்கும் எளியவர்மீது அதனை ஏற்றத் தயங்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். எண்ணூறு ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஓர் இறந்த விண்மீனின்மீது பழி சுமத்துவதற்கு முன் உலகம் இத்தனை கருவிகளை நிறுவி அளந்து பார்த்திருக்கிறது. அடுத்த வீட்டாருக்கு நாம் அதைவிடக் குறைவாகச் செய்வது எவ்வாறு நீதியாகும்?