துடிப்பது தோள், பழிப்பது யாரை?

தும்முகிறவனைத் தண்டிக்கும் சட்டம் எந்நாட்டிலும் இல்லை. கண் இமைத்தலைக் குற்றமென்று கூறும் நீதிமன்றமும் இல்லை. விருப்பமின்றி நிகழ்வதற்கு ஒருவனைப் பொறுப்பாளியாக்குதல் தகாது என்பது, அறநூல் படிக்காதவனும் அறிந்த நியாயம். ஆயினும், ஒருவனுடைய தோள் தானே குலுங்கினால், கழுத்து வெடுக்கெனத் திரும்பினால், அவன் எண்ணாத ஒலி தொண்டையிலிருந்து பீறிட்டால், அந்த நியாயம் எங்கே ஓடி ஒளிந்து கொள்கிறது? உலகம் சிரிக்கிறது, முகம் சுளிக்கிறது, விலகி அமர்கிறது.

இவ்வாறு துடிக்கும் உடலின் நிலைக்கு மருத்துவம் இட்ட பெயர் டூரெட் நோய். 1885-ஆம் ஆண்டு, பாரிசு நகரத்து மருத்துவர் ழில் த லா டூரெட், ஒன்பது நோயாளிகளை ஆராய்ந்து அதனை விளக்கினார். அதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரும் இந்நோய் இருந்திருக்க வேண்டும். சூனியக்காரிகளை வேட்டையாடுவதற்கென்றே 1480-களில் ஜெர்மன் நாட்டில் எழுந்த இலத்தீன் நூலொன்றில் ஒரு பாதிரியார் வருகிறார். தொழுது மண்டியிடும்போதெல்லாம் அவர் நாக்கு வெளியே நீண்டதாம். தம்மால் அடக்க முடியவில்லை என்று அவரே கூறினார். கூறியும் என்ன பயன்? பேய் பிடித்தவர் என்றே எழுதி வைத்தார்கள். உடுப்பு வேறு, மொழி வேறு. பேயோட்டும் தொழில் மட்டும் எங்கும் ஒன்றே!

பேய் போயிற்று, பழி போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் உளப்பகுப்பாளர் சிலர் வந்தனர். அடக்கி வைத்த ஆசையே துடிப்பாக வெளிப்படுகிறது என்றனர். மந்திரக்கோல் இருந்த இடத்தில் மூக்குக் கண்ணாடி! 1960-களில் ஹாலோபெரிடால் என்ற மருந்து துடிப்பைத் தணித்த பின்னரே, இது மூளையின் செயலைப் பொறுத்தது என்ற உண்மை வலுப்பெற்றது. இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் மூளைச் சுற்றுகளில் ஏற்படும் மாறுபாடு இது. பெரும்பாலும் மரபுவழி வருவது. தும்மல் வருமுன் மூக்கில் எழும் குறுகுறுப்பைப் போன்ற ஓர் உந்துதல் முதலில் எழும். சற்று நேரம் அடக்கலாம். அடக்குவதற்கு அவன் தரும் விலை பெரிது.

அமெரிக்காவில் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் கண்ட ஒருவரைப் பார்ப்போம். ‘ரே’ என்று மாற்றுப்பெயரிட்டு அவர் வரலாற்றை 1981-இல் சாக்ஸ் எழுதினார். நான்கு வயது முதல் துடிப்பு. பன்னிரண்டு வேலைகள் பறிபோயின; திறமைக் குறைவால் அன்று, துடிப்பால்! ஆனால், வார இறுதியில் ஜாஸ் இசைக்குழுவில் அவர் டிரம் முன் அமர்ந்தால் அவை மயங்கும். கை திடீரெனத் துடித்து ஓர் அடி விழும். விழுந்த அடியையே கருவாக்கி, அக்கணமே புதியதொரு தாளக்கோவையை எழுப்பிவிடுவார்.

மருந்து கொடுத்தார் சாக்ஸ். முதலில் கணக்குத் தவறிச் சுழற்கதவில் மோதி மூக்குடைந்தது. பின்னர் உடல் பழகிற்று; துடிப்பு தணிந்தது; வேலையும் வாழ்வும் நிலைத்தன. ஆனால் டிரம்மில் இருந்த அந்தத் தீ அவிந்தது. ரே என்ன செய்தார்? வேலை நாட்களில் மருந்து, வார இறுதியில் மருந்தின்றி இசை என்று தாமே வகுத்துக் கொண்டார்.

இங்கேதான் ஒரு கூட்டம் முந்திக்கொண்டு வருகிறது: “நோயே அவனுக்கு வரம்!” என்கிறது. இவர்களிடமும் நமக்கு வழக்கு உண்டு. பேய் என்றவன் அம்மனிதனின் பொறுமையைக் காணவில்லை. வரம் என்பவன் அவன் உழைப்பைக் காணவில்லை. துடித்த கை ஓரடியைத்தான் தந்தது. அதனைத் தாளமாக்கியது பயிற்சி, கூர்த்த செவி, இமைப்பொழுதில் முடிவெடுக்கும் அறிவு. துடிப்பே கலை தருமெனில், துடிப்போர் அனைவரும் இசைவாணர் ஆகியிருப்பரே! மருந்து உண்பதா, எந்நாளில் உண்பதா என்ற முடிவும் அவருடையதே. ‘கலைக்காக நோயைக் காத்துக்கொள்’ என்று ஆணையிட நாம் யார்? ‘ஊர் கூசாதிருக்க மருந்தை விழுங்கு’ என்று விரட்டத்தான் நாம் யார்?

“காசு கொடுத்து வந்தவனுக்கு முழுப் பாட்டைக் கேட்கும் உரிமை இல்லையா?” என்பார் உளர். அவர்கள் 2023 ஜூன் 24-ஆம் நாள் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் நடந்ததைக் கேட்கட்டும். ஸ்காட்லாந்துப் பாடகர் லூயிஸ் கபால்டி, 26 வயது இளைஞர். தமக்கு டூரெட் இருப்பதை முந்தைய ஆண்டுதான் உலகறியச் சொன்னவர். மேடையில் குரல் நலிந்தது. தோளும் தலையும் துடித்தன. புகழ்பெற்ற தம் பாடலைத் தொடர இயலவில்லை. கூடியிருந்த பல்லாயிரவரும் காசுக் கணக்குப் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடலைத் தாங்களே எடுத்துக் கொண்டனர். அவர் நின்று கேட்டார். பேயோட்டியும் இல்லை, பரிகாரமும் இல்லை. ஒருவரால் முடியாதபோது மற்றவர் பாடினர், அவ்வளவே.

சில நாட்களில் அவர் நிகழ்ச்சிகளை நிறுத்தி ஓய்வெடுக்கப் போவதாக அறிவித்தார். எப்போது திரும்புவார் என்று நாள் குறிக்கவில்லை. 2025 ஜூன் 27-இல் அதே மேடையில் ஏறினார். அதே பாடலைப் பாடி நிகழ்ச்சியை முடித்தார்.