கதையும் கருவியும்: ஹோப்பி மக்களின் கதைமரபும் ஆங்கிலக் கல்வியும்

ஒரு மக்கட் கூட்டத்தினரின் கதைகளைக் கொண்டு, அவர்தம் மொழியை ஒடுக்கிய பிறிதொரு மொழியைக் கற்பித்தல் அறமாகுமா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது கற்பித்தல் முறை பற்றிய வினாவாகவே தோன்றும். கதைவழிக் கற்ற சொல் மனத்தில் நிலைக்கும். நிகழ்ச்சிகளின் தொடர்பு வாக்கியங்களின் தொடர்பை உணர்த்தும். உரையாடல் வினாவையும் விடையையும் பழக்கும். ஆதலின் நாட்டார் கதைகள் மொழிப்பாடத்துக்கு உகந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், எவருடைய கதை, எவருடைய மொழிக்காக என்ற வினாக்கள் எழும்போது, பயன் பற்றிய ஆராய்ச்சி அறம் பற்றிய ஆராய்ச்சியாக மாறிவிடுகின்றது. வட அமெரிக்காவின் ஹோப்பி மக்களது வரலாறு இதனைத் தெளிவுற விளக்குகின்றது.

அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கே, வறண்ட மேட்டுநிலங்களில், நெடுங்காலமாகச் சோளம் பயிரிட்டு வாழ்ந்துவருவோர் ஹோப்பி மக்கள். 1887இல் கீம்ஸ் கன்யன் என்னுமிடத்தில் அவர்களுக்கென அரசாங்க விடுதிப் பாடசாலையொன்று திறக்கப்பட்டது. அக்காலத்து இத்தகைய பாடசாலைகளில் பிள்ளைகளின் பெயர்கள் மாற்றப்பட்டன, தலைமயிர் கத்தரிக்கப்பட்டது, தாய்மொழி விலக்கப்பட்டது. பிள்ளைகளை அனுப்ப மறுத்தமை முதலிய காரணங்களுக்காக 1895இல் 19 ஹோப்பி ஆடவர் அல்கற்றாஸ் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1906இல் ஒறைபிக் கிராமம் இரண்டாகப் பிளவுண்டது. பாடசாலையையும் அரசாங்கத் தலையீட்டையும் எதிர்த்தோர் வெளியேறி, ஹொற்றெவில்லா என்னும் புதிய கிராமத்தை அமைத்தனர்.

அதே ஹொற்றெவில்லாவில் 1920களில் ஆசிரியப்பணி மேற்கொண்டவர் பொலிங்கேசி கொயாவேய்மா. 1892இல் ஒறைபியிற் பிறந்த ஹோப்பிப் பெண்ணாகிய அவர், தாமும் சிறு வயதில் வெள்ளையர் கல்விக்கு ஆட்பட்டு, ஆங்கிலப் பெயர் சூட்டப்பெற்றவர். புகையிரதத்தைக் கண்டேயிராத குழந்தைக்கு அச்சொல் வெற்றொலியே என்பதையும், ஐரோப்பியரின் தேவதைக் கதைகள் அதன் அனுபவத்துக்கு அந்நியமானவை என்பதையும் அவர் உணர்ந்தார். ஆகவே, பிள்ளைகள் வீட்டிலே கேட்டறிந்த கதைகளிலிருந்தும் பாடல்களிலிருந்தும் பாடத்தைத் தொடங்கி, அவற்றை ஆங்கிலத்தில் அமைக்கப் பயிற்றினார். அறிந்த கதையாதலின், பிள்ளையின் கவனம் புதிய சொல்லிலும் வாக்கிய அமைப்பிலும் முழுமையாகப் படிவது இயல்பு. மேலதிகாரிகள் முதலில் இதனை விரும்பவில்லை. எனினும், அரசாங்கக் கொள்கை மாறியபின், 1941இல் ஒறிகன் மாநிலத்துச் செமாவாவில் ஏனைய ஆசிரியர்களுக்கு அம்முறையைச் செய்துகாட்ட அவரே தெரிவுசெய்யப்பட்டார்.

ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், பெற்றோரும் அம்முறையை எதிர்த்தனர் என்பதே. வெள்ளையர் நெறியை அறிதற்காகவே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றோம்; ஹோப்பி நெறியை வீட்டிலே நாம் கற்பித்துக்கொள்வோம் என்பது அவர்தம் வாதம். இதனைப் பழமைவாதமெனத் தள்ளிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. ஹோப்பி மரபிலே கதை கூறுதற்குரிய பருவம் குளிர்காலமாகும். சில மரபுரைகள் குறித்த குலத்தார்க்கும் சடங்குக் குழுவினர்க்குமே உரியவை. காலத்தையும் கேட்போரையும் கருதாது கரும்பலகையில் எழுதப்படும் கதை, கதையின் சொற்களைக் கொண்டிருப்பினும், கதையாக நிகழ்வதில்லை.

சொற்பொருளும் இத்தகையதே. ஹோப்பிக் கதைகளில் அடிக்கடி தோன்றும் கயோற்றி என்னும் நரியையொத்த விலங்கு, பல கதைகளிற் பிறரைப் பார்த்து அவ்வாறே செய்ய முயன்று கெட்டழியும் பேதையாகும். நரியைத் தந்திரத்தின் வடிவமாகவே கண்டு பழகிய ஒருவர், இக்கதைகளிலிருந்து அவ்விலங்கின் ஆங்கிலப் பெயரை மட்டும் கற்பாராயின், ஒரு சொல்லைப் பெற்று ஓர் உலகை இழந்தவராவார். பொருளறியாது போலச்செய்தலின் கேட்டை உணர்த்தும் கதையே பொருளறியாது கற்கப்படுவது எத்துணை முரண்!

இனி, ஆசிரியை கூற்றுச் சரியா, பெற்றோர் கூற்றுச் சரியா? அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அவ்வுரிமையை ஆசிரியை காத்தார். பிறிதொன்றின் ஏவலாளாகாது தன்னியல்பில் நிலைக்கும் உரிமை கதைக்கு உண்டு. அதனைப் பெற்றோர் காக்க முனைந்தனர். இரு சாராரும் ஒரே அடித்தளத்தில் நின்றே வாதிட்டனர் என்பதை மறத்தலாகாது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு அக்கதையை ஹோப்பி மொழியிலேயே சொல்ல ஒரு பாட்டி இருந்தாள். அவள் இருக்கும்வரை ஆங்கிலப் பாடம் கதைக்கு மாற்றாகாது. அதன் நிழலாகவே அமையும்.

இன்றோ ஹோப்பிப் பிள்ளைகளிற் பலர் ஆங்கிலத்தையே முதன்மொழியாகக் கொண்டு வளர்கின்றனர். அன்று பாலமாயிருந்த அதே முறை, இன்று மூலத்தின் இடத்தைத் தானே கவர்ந்துகொள்ளக்கூடும். ஒரு செயலின் அறத்தன்மை அச்செயலில் மட்டுமன்றி, அது நிகழும் சூழலிலும் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஹோப்பி மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒருங்கே தந்து 1978இல் வெளிவந்த கதைத்தொகுதியும், ஏறக்குறைய 30,000 பதிவுகளுடன் 1998இல் வெளிவந்த ஹோப்பி அகராதியும் மூலத்துக்கு மீளும் வழியைத் திறந்து வைத்துள்ளன.

உலகின் வேறெங்கோ இக்கதைகளைக் கொண்டு ஆங்கிலம் பயில்வோரும் இக்கடப்பாட்டிலிருந்து விலகியவரல்லர். கதைக்குரிய மக்களின் பெயரையும், அவர்தம் மொழியையும், அம்மொழிக்கு நேர்ந்ததையும் அறிந்து பயில்வது அவர் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடனாகும். பாடம் முடிந்த பின்னரும் கதை அதன் உடையவர் கையில் முழுமையாக எஞ்சியிருக்கின்றதா என்பதே உரைகல். எஞ்சியிருப்பின் அது கற்றல். இல்லையேல், எத்துணை இனிய முறையில் நிகழினும், அது கவர்தலே.