காவலும் பற்றும்

சென்னைக்கு வடக்கே செங்குன்றம், மாதவரம் பகுதிகளிலும், தென்மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களில் எழுந்துள்ள பெருங்கிடங்குகளில் வேலை பெறும்பொருட்டு, பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்கள் சரக்குக் கிடங்குத் தொழிலுக்கான சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்ந்து பயில்கிறார்கள். வந்த சரக்கை ரசீதோடு ஒப்பிட்டு இறக்குவது, ரேக்கில் உரிய இடத்தில் அடுக்குவது, முதலில் வந்ததை முதலில் அனுப்புவது, மருந்தாயின் வந்த வரிசையைத் தள்ளிவிட்டு முன்னதாகக் காலாவதியாவதையே முதலில் அனுப்புவது, ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையில் நடவாதிருப்பது என்று அவர்களுடைய பாடம் விரிகிறது. வயிற்றுப்பாட்டுக்கான கல்வி என்று இதை ஒதுக்கிவிடுவோர் பலர். ஆயினும் இவ்வித்தையின் உட்பொருளை ஆராயப் புகுந்தால், நம் சமய நூல்கள் நெடுங்காலமாக வாதித்து வந்த ஒரு கேள்வியண்டை வந்து நிற்போம்: தன்னுடையதல்லாத பொருளைத் தன்னுடையதைப் போலப் பேணுவதும், அது தன்னுடையதன்று என்பதை ஒரு கணமும் மறவாதிருப்பதும் ஒரே மனத்துக்குச் சாத்தியமா?

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் சொல்லும் பரதனுடைய சரித்திரத்தில் இக்கேள்வியின் இரு கோடிகளும் காணக்கிடைக்கின்றன. ராஜ்யத்தையும் புத்திரரையும் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் புரிந்த அம்மன்னன், தாயை இழந்து வெள்ளத்தில் மிதந்து வந்த மான்கன்று ஒன்றைக் கருணையினால் எடுத்து வளர்க்கத் தொடங்கி, நாளடைவில் பூஜையையும் நியமத்தையும் கைவிடும் அளவுக்கு அதனிடம் பற்றுக்கொண்டு, மரண காலத்திலும் அதையே நினைத்து, மறுபிறவியில் மானாகவே பிறந்தான். அதற்கும் அடுத்த பிறவியில் பிராமணர் ஒருவரின் மகனாகத் தோன்றி, பழைய நினைவு மாறாதிருந்தமையால் எதிலும் ஒட்டாமல் ஜடம்போல வாழத் தலைப்பட, தமையன்மார் அவனைக் கழனி வேலைக்கு வைத்தார்கள். அவனோ மேடு எது, பள்ளம் எது, குறைவு எது, மிகுதி எது என்று பாராமலே வேலை செய்தான். அவன் ஞானி என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் வீட்டு நெல்லை அவன் பொறுப்பில் விட நம்மில் யார் துணிவோம்? முன்னே பேணுதல் பற்றாக முடிந்தது. பின்னே பற்றின்மை பேணாமையாக முடிந்தது.

சட்டம் இவ்விஷயத்தில் ஆசாரியர்களைக் காட்டிலும் அடக்கமாகப் பேசுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்து 151ஆம் பிரிவு, சாமானிய விவேகமுள்ள ஒருவன் அத்தகைய தன் சொந்தப் பொருளிடம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பானோ, அவ்வளவு ஜாக்கிரதையை ஒப்படைக்கப்பெற்ற பொருளிடமும் காட்டினால் போதும் என்கிறது. மகானாக இருக்கும்படி அது எவரையும் கேட்கவில்லை. 163ஆம் பிரிவில் வரும் உதாரணமோ பரதனுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஒருவன் தன் பசுவை மற்றொருவன் பாதுகாப்பில் விட்டுச் செல்கிறான். பசு கன்று ஈனுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பசுவோடு கன்றையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும். தன் கையால் புல் போட்டு, தன் கண்முன் பிறந்த கன்றே ஆயினும், காத்தவனுக்கு அதில் பாத்தியதை கிடையாது.

பாத்தியதை கிடையாது என்று அறிவது புத்தியின் காரியம்; அவ்வறிவு மனத்தில் இறங்குவதற்கு அப்பியாசம் வேண்டும். அத்தகைய அப்பியாசம் ஒன்று கிடங்கு வேலையிலேயே அமைந்திருப்பதுதான் என்னை வியக்கவைப்பது. ‘பிளைண்ட் கவுண்ட்’ என்று கிடங்குக்காரர் வழங்கும் முறையில், இருப்பு எண்ணப் போகிறவனுக்குக் கணக்கில் உள்ள தொகையைச் சொல்வதில்லை. ரேக்கின் முன் நின்று, கண்டதை எண்ணி எழுதுவதே அவன் பணி. கணக்கில் 48 பெட்டி என்று முன்னமே தெரிந்தவன், 47 கண்டால் எங்கோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று மீண்டும் எண்ணி 48 ஆக்குவான். 48 கண்டாலோ மறுபடி எண்ணவே மாட்டான். பொய் சொல்லும் கருத்து அவனிடம் அணுவளவும் இல்லை. விருப்பம் முந்திக்கொண்டு கண்ணை நடத்திச் செல்கிறது, அவ்வளவே. குறைந்தால் தன்மேல் பழி வருமோ என்ற பயத்தையும், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற ஆசையையும் உபதேசத்தால் அகற்ற முயலாமல், அவை பற்றிக்கொள்ளும் எண்ணையே மறைத்துவிடுகிறது இம்முறை. பலனைக் கருதாத கர்மம் என்று கீதை போதிப்பதற்கு இவ்வளவு எளிய பயிற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. எண்ணுகிறவன் ஒவ்வொரு பெட்டியிடமும் முழுக் கவனம் வைக்கிறான்; இத்தனை இருக்க வேண்டுமே என்ற வேட்கை மட்டும் அவனிடம் இல்லை. பரதன் இரு பிறவிகளில் பிரித்து வைத்ததை அவன் அரைமணி நேரமேனும் சேர்த்து வைக்கிறான்.

ஸ்கேனர் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பார் உண்டு. அது பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டைப் படிக்குமேயன்றி, பெட்டிக்குள் இருப்பதை அறியாது. வேறோர் ஆட்சேபம் உண்மையில் கனமானது. ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு உழைப்பவனிடம், பிறர் செல்வத்தைப் பற்றற்றுக் காக்கும்படி வேதாந்தம் பேசுவது முதலாளிக்கு வசதியான மதமாகிவிடாதா? ஆகிவிடும். நிஷ்காமியம் காப்பவனுடைய குணமாகலாமே தவிர, கூலியைக் குறைப்பதற்கு நியாயமாகாது. எண்ணிக்கையில் வந்த குறைவுக்காக விசாரணையின்றி எண்ணினவன் சம்பளத்திலேயே கைவைக்கும் இடத்தில், எவனும் 47 என்று எழுதத் துணிய மாட்டான். ஆதலால் இப்பயிற்சியை நடத்தும் ஆசிரியர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு ஒதுக்கிய நேரத்தில் மாணாக்கர் கையில் வெற்றுத் தாளைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், குறைந்த எண்ணை எழுதி வந்தவனை எக்காரணத்தாலும் கடிந்துகொள்ளாதீர்கள்.