சுருக்கமும் நேர்மையும்

ஒன்றைச் சுருக்கிக் கூறுவோன் அதற்கு உண்மையாளனாக இருத்தல் இயலுமா? அறவியலின் இப்பழைய வினா, ஒலியைப் பதிந்து பேணும் துறையிலே புதுவடிவில் எழுகின்றது.

ஓர் ஒலி எக்கணத்தில் எழுந்தது என்பதையும் எம்மீடிறனில் ஒலித்தது என்பதையும் ஒருங்கே முற்றத் துல்லியமாக அறிதல் இயலாது. காலத்தைக் குறுக்கி நோக்கின் மீடிறன் மங்கும். மீடிறனை நுணுகி நோக்கின் காலம் மங்கும். இவ்வெல்லையை டெனிஸ் காபோர் 1946இல் எடுத்துக்காட்டினார்.

ரம்புக்கனையை உள்ளடக்கிய கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களின் ஒலிகளை உதாரணமாகக் கொள்ளலாம். ஒப்பாரியின் நீண்ட இழுப்பிலே சுருதி மெல்ல அசையும். அதனைப் பற்ற அகன்ற காலச் சாளரம் வேண்டும். தப்பில் விழும் அடியோ கணத்தில் வெடிப்பது. அதற்குக் குறுகிய சாளரமே பொருந்தும். அகன்றதில் அதனை அடைத்தால், சுருக்கத்தால் விளையும் இரைச்சல் சாளரமெங்கும் பரவி, அடி விழுமுன்னரே கேட்கும். ஆதலின் 1997இல் வகுக்கப்பட்ட ஏ.ஏ.சி. முறை, 2048 மாதிரிகள் கொண்ட சாளரத்தையும் 256 மாதிரிகள் கொண்டதையும் ஒலிக்கேற்ப மாற்றி ஆளுகின்றது. ரம்புக்கனை வரை விரைந்து வரும் புகையிரதம் கடுகண்ணாவை ஏற்றத்தில் வேகம் தணிதல் போன்றது இது. அனைத்தையும் ஒரே கோலால் அளப்பது நடுநிலையெனத் தோன்றினும் நீதியாகாது. பொருளுக்கேற்ப அளவு இசைதலே நீதி.

ஆயின் இவ்விசைவு மட்டும் போதுமா? இறுவட்டிலே செக்கனுக்கு 1,411,200 இரும இலக்கங்கள் செல்கின்றன, எம்.பி.3 முறையில் 128,000 இலக்கங்களே பெரும்பாலும் போதுமெனக் கொள்ளப்பட்டது. இக்குறைப்பில் ஒரு பகுதி, கூறியது கூறலை நீக்குவதால் வருவது; அதனால் இழப்பில்லை. மறுபகுதி, செவி உணராதெனக் கருதி நுணுக்கங்களைக் கைவிடுவதால் வருவது. எவருடைய செவி? கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகாவின் துணையிசையற்ற பாடலொன்றைக் கொண்டே எம்.பி.3 முறையின் குறைகளைக் கண்டு திருத்தினார். சோதனைக்கு வந்த குரல் தன் குறையைக் காட்டித் திருத்தம் பெறும். வாராத குரலுக்கு அவ்வாய்ப்பில்லை.

எழுத்தும் ஒருவகைச் சுருக்கமே. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தமையாற் சொற்கள் நிலைத்தன. ஆயின் மெட்டும் மூச்சும் ஏட்டில் அடங்குவன அல்ல. அதனால் அப்பணி சிறுமையுறுவதில்லை. ஏடு தன்னை ஏடென்றே காட்டி நிற்கின்றது. எதனை விட்டது என்பதை எவரும் அறிவர். சுருக்கிய ஒலியோ முழுமைபோல் ஒலித்து, இழப்பையே மறைத்துவிடுகின்றது.

எனவே, கேட்டு மகிழ்தற்கும் அனுப்புதற்கும் சுருக்குதல் குற்றமன்று. மூலத்தை அழித்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் காப்பதே குற்றம். நாளைய ஆய்வாளன் எந்நுணுக்கத்தைத் தேடுவான் என்பதை இன்றைய செவி தீர்மானித்தல் தகாது. சுருக்குவோனின் நேர்மை, எதனை விட்டான் என்பதை மறையாது கூறுதலிலும், விட்டதை மீளப் பெறும் வழியை அடையாதிருத்தலிலுமே தங்கியுள்ளது.